வேதமுத்துவுக்கு விழுந்த சீட்டு

2024 ஜனவரி 9, செவ்வாய்

வெளிநோயாளிகளைப் பார்த்து முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. கொண்டுபோன தக்காளிச் சோற்றைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன். அப்பா டப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்கறவ வவுறு காஞ்சு கெடந்தா என்னம்மிணி அர்த்தம்?"

 நாளை மறுநாள் எங்கள் ஊர்ச் செல்லாத்தாளுக்கு ஊசி; கணையத்தில் புற்று. நாளைக்கு அவரிடம் மறுபடி விளக்க வேண்டும். ஆய்வுக்கான ஒப்புதல் தாள் மலையாளத்திலும் இங்கிலீஷிலும்தான் இருக்கிறது. தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கணையம், பித்தப்பை, இரைப்பை — இங்கெல்லாம் புற்றுநோய் வந்தால் முதுகு வரைக்கும் துளைக்கிற ஒரு வலி வரும். அந்த வலியை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்புக் கூட்டம் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. நீள ஊசியால் அங்கே மருந்தைச் செலுத்தினால் நரம்பு மரத்துப்போகும். வழக்கமாக இதைக் கடைசியில்தான் செய்வோம், மார்பின் மாத்திரை போதாமல் போன பிறகு. ஆரம்பத்திலேயே செய்தால் என்ன? அதுதான் எங்கள் ஆய்வு. பாதிப் பேருக்கு முதலிலேயே ஊசி. மீதிப் பேருக்கு மார்பின், வலிக்குத் தக்கபடி அளவு கூட்டி. யார் எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். டாக்டர் கையில் இல்லை. எந்தப் பக்கமானாலும் வாரா வாரம் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவார். மூன்றாம் மாதம் யாருக்கு வலி குறைவு என்று பார்ப்போம்.

எழுதியதைப் படித்தால் ரொம்ப நியாயமாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியும், ஊசிதான் ஜெயிக்கும். மயக்க மருந்து டாக்டராக இருந்த காலத்திலிருந்து என் கை பழகிய வேலை இது.

ஜனவரி 11

செல்லாத்தாளைக் குப்புறப் படுக்கவைத்தபோது, "சின்னையன் புள்ளைதானே நீ?" என்றார். "உங்கப்பனும் நானும் வாய்க்காத் தண்ணிக்கு மம்பட்டியத் தூக்கிட்டு நின்னவங்க. அந்தக் கோவத்த ஊசில காட்டிப் போடாத கண்ணு."

சிரித்துக்கொண்டே போட்டேன். எக்ஸ்ரே திரையில் ஊசி நுனி நினைத்த இடத்தில் போய் நின்றது. இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கி ஏறியது. சாயங்காலம் அவர் மல்லாந்து படுத்திருந்ததைப் பார்த்தேன். மாதக் கணக்கில் முடியாமல் இருந்தது அது.

இதற்காகத்தான் இந்த வேலை.

ஜனவரி 18

செல்லாத்தாள் போன்: "பொங்கலுக்குக் கரும்பு கடிச்சேன் கண்ணு. கத்தி சொருவுன மாதிரி இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல."

ஜனவரி 22

மூணாறு முகாம். பாலக்காட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கோபாலபுரம் எல்லை தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாற்றுக் காடு, மறையூர். கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போகத் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் மனதைவிட்டுப் போகவில்லை. வேதமுத்து. மாட்டுப்பட்டிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், தேயிலை ஃபாக்டரியில் ரோலர் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்று. வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்து, அதன்மேல் மடங்கி உட்கார்ந்துதான் பேசுகிறார். நிமிர்ந்தால் வலி. மனைவி ஞானஜோதி இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறவர். இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பூஜ்யத்திலிருந்து பத்து வரை, வலி எவ்வளவு என்று கேட்டேன்.

"ஆறு போட்டுக்கிடுங்க."

"எட்டு," என்றார் ஞானஜோதி. "பொய் சொல்லாதீக. எட்டுக்குக் கொறையாது."

மார்பின் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "அது போதை மருந்துல்லா? டாக்டரம்மா, நான் குடிச்சு அழிஞ்சவன். ஆண்டவரு கைதூக்கி விட்டதுக்கு அப்புறம் இருபது வருசமா ஒரு சொட்டு தொட்டதில்ல. சாகப்போற நேரத்துல நீங்க ஊத்திக் குடுக்கப் பாக்கீகளே."

ஊசி என்றால் சம்மதமாம். மறைக்கக் கூடாதென்பதால் சொன்னேன்: அந்த ஊசியில் போடுவதும் ஆல்கஹால்தான்.

 அவர் தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாய் வழியா போவலல்லா? அப்ப அது கணக்குல சேராது."

சீட்டு எப்படியும் விழலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். எந்த நேரத்திலும் ஆய்வை விட்டு விலகலாம் என்றும் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். ஊசி விழும் என்கிற நம்பிக்கையில்தான் போட்டார், எனக்குத் தெரியும்.

ஜனவரி 24

மாத்திரை.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லாத்தாளுக்கு ஊசி, வேதமுத்துவுக்கு அவர் பயப்படுகிற மாத்திரை. என்ன சீட்டு இது?

ஆய்விலிருந்து அவரை எடுத்துவிட்டு, டாக்டராக நானே ஊசி போட்டுவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் நான் இரக்கப்படுகிறவர்களையெல்லாம் எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஆய்வா, என் இஷ்டமா? மார்பின் மோசமான மருந்தில்லை. உலகம் முழுக்க இந்த வலிக்கு முதலில் கொடுப்பது அதைத்தான். நாலு வாரம் சரியான அளவில் கொடுத்தும் அடங்கவில்லையென்றால் ஊசி போடலாம் என்று விதியே இருக்கிறது. நான்தான் எழுதினேன் அந்த விதியை.

ஞானஜோதியிடம் போனில் சொன்னேன். "ஊசி இவுகளுக்கு ஏன் இல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். சொன்னேன். "சரி," என்று வைத்துவிட்டார். அந்தச் "சரி" இன்னும் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 2

ஷீனா கூப்பிட்டாள். மூணாற்றில் தங்கி எஸ்டேட் வீடுகளுக்குப் போய்வருகிற எங்கள் ஆய்வு நர்ஸ். "மேடம், மாத்திரை அப்படியே இருக்கு. ஒண்ணுகூடத் தொடல. வலி ஒம்பதுன்னு அந்த அம்மா சொல்றாங்க. அவர் பேசவே மாட்டேங்கிறார்."

போன் போதாது. நேரில் போக வேண்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

போய் வந்தேன். சின்னாற்றுக்குப் பிறகு ஒரு யானை ரோட்டை விட்டு நகராமல் நின்றது. அது போகும்வரை எல்லா வண்டியும் வரிசையாக நின்றன. போய்ச் சேரும்போது சர்ச் முடிந்து லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் கறிக்குழம்பு வாசனை. அந்த வீட்டில் மட்டும் கஞ்சி.

வேதமுத்து கட்டிலில் இல்லை. தரையில் முழங்காலிட்டு, கட்டில் விளிம்பில் நெஞ்சை வைத்து மடங்கியிருந்தார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன். இல்லை. வலி அவரை அப்படி வைத்திருந்தது.

நான் பேச ஆரம்பித்தேன். குடி வேறு, மருந்து வேறு. வலி இருக்கிற உடம்பில் அது வேறு மாதிரி வேலை செய்யும். அளவு என் பொறுப்பு. எல்லாம் சரியான வார்த்தைகள்தான். ஒன்றும் உள்ளே போகவில்லை.

"மருந்துன்னுதான் சொல்லுவீக. நானும் அன்னைக்கு மருந்துன்னுதான் ஆரம்பிச்சேன். குளிருக்கு மருந்து, ஒடம்பு வலிக்கு மருந்து."

 அப்போதுதான் ஞானஜோதி அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

"இந்தாருங்க. நீங்க குடிச்ச காலத்துல டாக்டரம்மா ஒங்களப் பாக்கல. பாஸ்டரும் பாக்கல. நான் பாத்தேன். மாத்திரைய என்கிட்ட விட்டுருங்க. மூணு நாளு நான் குடுக்குதேன். அந்த மனுசன் திரும்பி வந்தாம்னா எனக்குத் தெரியாமப் போவுமா? அன்னைக்கே தூக்கி அடுப்புல போட்டுருதேன். வராட்டா நீங்க வாய மூடிட்டுச் சாப்புடணும்."

அவர் தலையைத் தூக்கவில்லை. அப்படியே, "மூணு நாளு," என்றார்.

கூட வந்த ஷீனா, நான் சொன்ன சின்ன அளவில் ஆரம்பித்து எழுதிக் கொடுத்தாள். முதலில் தூக்கமாக இருக்கும், மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஞானஜோதி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

திரும்பும்போது வண்டியில் அந்த அளவை மறுபடி மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மூன்று நாளில் ஏதாவது தப்பாகப் போனால்?

பிப்ரவரி 5

போன் இல்லை.

பிப்ரவரி 6

ஷீனா: "தூங்கறார் மேடம். நல்ல தூக்கம்தான், மூச்சு சரியா இருக்கு." அவ்வளவுதான்.

பிப்ரவரி 7

ஞானஜோதியே கூப்பிட்டார். ரவுண்ட்ஸை நிறுத்திவிட்டு வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

"நல்லாத் தூங்கி எந்திரிச்சாக டாக்டரம்மா. எந்திரிச்சு, 'ஞானம், கஞ்சி இருக்கா'ன்னு கேட்டாக. குடிச்ச நாள்ல ஒரு தடவகூட இவுக என் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ஏ, இந்தா, அதான். மாத்திர அடுப்புக்குப் போவல. நீங்க நிம்மதியா இருங்க."

வராந்தாவில் நின்று அழுதேன். ஜோமோன் சார், எங்கள் துறைத் தலைவர், அந்த வழியாக வந்தவர் திரும்பி வேறு பக்கம் போய்விட்டார். நல்ல மனுஷன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

எஸ்டேட்டுகளுக்கிடையே பந்தாட்டப் போட்டி. வேதமுத்து ஒரு காலத்தில் எஸ்டேட் டீமில் கோல்கீப்பராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஷீனா வீடியோ அனுப்பினாள். பிளாஸ்டிக் நாற்காலியில், கம்பளி போர்த்திக்கொண்டு, முதுகு நிமிர்ந்து. தலையணை மடியில் இல்லை, முதுகுக்குப் பின்னால். எதிர் டீம் கோல் போட்டதும் தன் டீம் கோலியைப் பச்சையாகத் திட்டுகிறார். அவர் எஸ்டேட் தோற்றது. ரொம்பக் கோபமாக வீட்டுக்குப் போனாராம்.

வலி: இரண்டு.

நாலு வாரம் கூட ஆகவில்லை. ஊசிக்குத் தேவையே வராது போலிருக்கிறது. நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் எனக்குள் சின்னதாக ஓர் ஏமாற்றம்? சே. இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 28

வெயில். எங்கள் ஊர் வடகரப்பதியில் தோட்டத்துக் கிணறு தரை தட்டிவிட்டது. அப்பா தென்னையைப் பார்க்கப் போவதில்லை. பார்த்தால் மனசு கெட்டுப்போகிறதாம். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 17

மூணாற்றில் மூன்று நாளாக விடாத மழை. மாட்டுப்பட்டிக்குப் போகும் வழியில் மண் சரிந்து ரோடு இல்லை. வேதமுத்துவுக்குக் கொடுத்த மாத்திரை இன்றோடு தீர்ந்துவிட்டது. நேற்றே ஷீனா போயிருக்க வேண்டியது. மார்பின் மூணாறு ஊருக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் பூட்டின அலமாரியில் இருக்கிறது. நோயாளி சரிவுக்கு அந்தப் பக்கம்.

ஜூலை 18

ஞானஜோதியின் போன் வழியாக அவர் குரல் கேட்டது. பேச்சில்லை. மாடு முனகுவதுபோல. "பழையபடி தரைக்குப் போயிட்டாக," என்றார்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருப்பது காய்ச்சல் மாத்திரையும் சாதாரண வலி மாத்திரையும்தான். இங்கே பாலக்காட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன டாக்டர்? ஊசி போட்டிருந்தால் இந்த மழையில் அவருக்கு இந்தக் கதி வந்திருக்காது. சீட்டு, சீட்டு என்று... என்னத்தப் பண்ணித் தொலைச்சேன் நானு.

ஜூலை 19

ஷீனா போய்விட்டாள். ஃபாக்டரி டிராக்டரில் சரிவு வரைக்கும், அங்கிருந்து தேயிலைக்குள்ளே ஏறி, அட்டை கடித்த காலோடு. மருந்தைப் பாலிதீனில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாளாம். சாயங்காலம் அனுப்பினாள்: "வலி நாலுக்கு வந்திருக்கு மேடம். காபி குடிச்சார்."

அவளை இனி இப்படி அனுப்பக்கூடாது. மருந்து அந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் மார்பின் வைக்க அனுமதி கேட்கப்போகிறேன். என்ன பயிற்சி, என்ன பூட்டு, யார் பொறுப்பு — எல்லாம் கேட்டுச் செய்துவிடலாம்.

ஜூலை 25

ஜோமோன் சாரிடம் விண்ணப்பத்தைக் காட்டினேன். "யோகா, நம்ம ஆய்வு ஊசிக்கு. நீ மாத்திரைக்கு அலையுறே," என்றார். கையெழுத்துப் போட்டுக்கொண்டேதான் சொன்னார்.

ஆகஸ்ட் 11

செல்லாத்தாள் வீட்டுக்குப் போனேன். வடகரப்பதியிலேயே, எங்கள் தோட்டத்துக்கு நாலு தோட்டம் தள்ளி. மே மாதத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வலி திரும்பியிருக்கிறது. வாரா வாரம் வருகிற நர்ஸிடம் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

"ஏனுங்க ஆத்தா, என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நீ பெருமையாப் போட்ட ஊசி கண்ணு. தேஞ்சு போச்சுன்னு எப்படிச் சொல்றது? மனசு நோவுமல்லோ."

மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றேன். கட்டி பெரிதாகி நரம்பை மூடியிருந்தால் மருந்து பரவாது என்பது எனக்கே தெரியும். "ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்த மாத்திரைல தூக்கம் வருது, சோறு எறங்குது. போதும் போ," என்றார்.

நோயாளி டாக்டரின் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 13

வேதமுத்து நேற்று இறந்தார். வீட்டில்தான். கடைசி வாரம் மாத்திரை விழுங்க முடியாமல், தோலுக்கடியில் போடும் சின்ன ஊசிக்கு ஷீனா மாற்றியிருந்தாள்.

ஞானஜோதி போனில் அழவில்லை. "சத்தம் போடாமப் போனாக. பக்கத்து வீட்டு ஆளுக பாஸ்டரோட பாட்டுப் படிச்சாக. இவுகளும் உதட்ட அசைச்சாக." பிறகு, "மீதி மருந்து இருக்கு டாக்டரம்மா. ஷீனாகிட்ட எண்ணிக் குடுத்துட்டேன். வேற யாருக்காவது ஆவும்னா குடுங்க," என்றார். அப்படிக் கொடுக்க விதியில்லை, திருப்பி ஒப்படைக்கத்தான் வேண்டும். இருந்தாலும் சரிங்கம்மா என்றேன்.

அக்டோபர் 22

டிஸ்பென்சரி விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பயிற்சி பெற்ற டாக்டர் அங்கே இல்லை என்று. நியாயமான காரணம்தான். எஸ்டேட் டாக்டரைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி மேனேஜரைப் பார்க்க வேண்டும். பார்ப்பேன்.

டிசம்பர் 19

செல்லாத்தாள் காலமானார். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து போனார். வாய்க்கால் சண்டையில் எதிரில் நின்றவர்.

2025 ஜனவரி 20, திங்கள்

கடைசி நோயாளியின் மூன்றாம் மாதம் முடிந்துவிட்டது. இன்று கணக்கைத் திறந்தோம்.

கோகுல்நாத் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். எங்கள் புள்ளியியல் ஆள், யாருக்கு எந்தச் சீட்டு என்ற பெரிய கணக்கு அவனிடம்தான் இருந்தது. திரையில் வலியின் அளவைக் காட்டும் இரண்டு கோடு. நீலம் ஊசி, சிவப்பு மாத்திரை.

"அக்கா, மொத மாசம் ஊசி நல்லாருக்குதுங்க. பாருங்க, கீழ போயிருக்குது. ஆனா மூணாம் மாசத்துல ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துருச்சுங்க."

நீலத்தையும் சிவப்பையும் மாற்றிப் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். பாவம், மறுபடி முதலிலிருந்து ஓட்டிக் காட்டினான். அதேதான்.

வித்தியாசம் இல்லை.

ஜனவரி 21

மூணு வருசமா இதுக்குத்தானா நாயா அலைஞ்சது? இந்தக் கையி, இந்தக் கையின்னு அத்தன வீம்பு எதுக்குடி உனக்கு?

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 23

கோகுல்நாத் அனுப்பிய தாள்களை மறுபடி பார்த்தேன். கோடுகள் சேர்ந்ததை மட்டும் பார்த்துவிட்டு, அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்க்காமல் விட்டிருக்கிறேன். ஏழிலும் எட்டிலும் ஆரம்பித்தவர்கள் இரண்டு பக்கமும் மூன்றுக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும்!

ஆய்வுக்கு வருமுன் இவர்களுக்கு என்ன மருந்து இருந்தது? பெரும்பாலோருக்கு மார்பின் கிடைத்ததே இல்லை. கிடைத்த சிலருக்கும் ஒரு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியதோடு சரி. பயந்து நிறுத்தியிருக்கிறார்கள், வாந்தி வந்து நிறுத்தியிருக்கிறார்கள், தீர்ந்துபோய் நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்தோம்? ஒப்பிடுவதற்காக "வழக்கமான சிகிச்சை" என்று ஒரு பக்கம் வைத்தோம். அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதற்காக வாரா வாரம் ஒரு ஆளை அனுப்பினோம். அப்படி ஒரு வழக்கமான சிகிச்சை இந்த மலையில் யாருக்கும் வழக்கமாக இருந்ததில்லை.

வலி திரும்பினால் ஊசிக்காரர்களுக்கும் அதே மாத்திரைதான். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது அந்த மாத்திரையும், கதவைத் தட்டின ஷீனா மாதிரி நர்ஸ்களும்.

இது தோல்வியா?

ஜனவரி 27

ஜோமோன் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கோபம் இல்லை, அக்கறையாகத்தான்.

"கணையக்காரங்களை மட்டும் தனியாப் பிரிச்சுப் பாரு. முதல் மாசத்தைத் தலைப்பில் வை. ஊசி ஜெயிச்ச மாதிரி வரும். பொய் ஒண்ணும் இல்லையே யோகா? எல்லாம் நம்ம எண்தானே?"

"மூணாம் மாசம்னு சொல்லிட்டுத்தானே சார் ஆரம்பிச்சோம்?"

"அடுத்த ஆய்வுக்கும் ஊசியைச் சொல்லித்தான் பணம் கேட்டிருக்கோம். இதை இப்படியே எழுதினா அது போகும். உன்னைத் தேடி வெளியிலிருந்து ஆள் வருதுன்னா அந்த ஊசிக்குத்தான். யோசிச்சுச் செய்."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 29

பிரித்துப் பார்த்தேன். கணையம் மட்டும், முதல் மாதம் மட்டும். அழகான படம். நீலக் கோடு எவ்வளவோ கீழே. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லாத்தாளும் இந்தப் படத்துக்குள் இருக்கிறார், கரும்பு கடித்த செல்லாத்தாள். மே மாதத்துச் செல்லாத்தாள் இதில் வரமாட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கோலியைத் திட்டின வேதமுத்து, தோற்ற பக்கத்து ஆளாக இருப்பார்.

இந்தப் படத்தை நம்பி எங்கோ ஓர் ஊரில் ஒரு டாக்டர் ஊசி வாங்குவார். மாத்திரையைப் பற்றி யோசிக்கமாட்டார்.

மூடிவிட்டேன்.

பிப்ரவரி 2

எழுத ஆரம்பித்தாயிற்று. முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன்: மூன்றாம் மாதத்தில் ஊசிக்கும் மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டு பக்கமும் வலி பாதிக்கு மேல் குறைந்தது. முதல் மாத நன்மையை அதற்குரிய இடத்தில், அதற்குரிய அளவில்.  பிடிவாதம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

பிப்ரவரி 17

சார் மேஜையில் வைத்தேன். நான் இருக்கும்போதே படித்தார். இரண்டு இடத்தில் இங்கிலீஷைத் திருத்தினார். ஓர் இடத்தில், "சீரான மார்பின்" என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில் "வீட்டிலேயே" என்று சேர்த்தார்.

"'என் பேரை மட்டும் போட்டு அனுப்பிடறேன் சார்'னு சொல்லப் போறியா?" என்றார். "என் பேரையும் போடு. அடுத்த ஆய்வு போனால் போகட்டும், வேற கேள்வி கேப்போம்."

ஏப்ரல் 30

முதலில் அனுப்பிய மருத்துவப் பத்திரிகை கட்டுரையை நிராகரித்துவிட்டது. "புதிதாக ஒன்றும் இல்லை." அடுத்ததற்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 12

எஸ்டேட் டாக்டர் பயிற்சி முடித்துவிட்டார். விண்ணப்பம் மூன்றாவது தடவை போகிறது. மேனேஜர் கேட்டார், "ஏன் மேடம் இதை விடவே மாட்டேங்கறீங்க?" போன வருஷ மழையைச் சொன்னேன். இந்த வருஷ மழையும் ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. 

ஆகஸ்ட் 26

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். பெரிய பத்திரிகை இல்லை. ஷீனாவின் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக வரும். சொன்னபோது, "அய்யோ மேடம், எங்க அம்மாகிட்ட எப்படிப் புரிய வைப்பேன்," என்று சிரித்தாள்.

அக்டோபர் 30

டிஸ்பென்சரிக்கு அனுமதி வந்துவிட்டது. முதல் மருந்துப் பெட்டி திங்கட்கிழமை மேலே போகிறது.

நவம்பர் 8

டிஸ்பென்சரிக்கு மருந்து போன பிறகு வருகிற முதல் நோயாளி. பேர் மூக்கம்மாள், அதே மலையில் இன்னொரு லயம். கருப்பை வாயில் புற்று, இடுப்பெலும்பு வரை போயிருக்கிறது. வயிற்று ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணவர் இல்லை, தனியாக இருக்கிறார். உட்கார முடியாமல் சுவரைப் பிடித்தே நின்றுகொண்டிருந்தார் என்று ஷீனா சொன்னாள். டிஸ்பென்சரியிலிருந்தே மருந்து எடுத்துப் போய் ஆரம்பித்திருக்கிறார்கள். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை; போனில் அளவை மட்டும் சரிபார்த்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ஷீனா மூக்கம்மாள் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். பாதியிலேயே போனை மூக்கம்மாள் வாங்கிக்கொண்டார்.

"வலி எப்படி இருக்கும்மா?" என்றேன்.

"அது கெடக்கட்டும் டாக்டரம்மா. இந்தக் காட்டுப்பன்னி செஞ்ச வேலையக் கேளுங்க. வீட்டுக்குப் பின்னால பீன்ஸ் போட்டிருந்தேன். பூவெடுக்கிற நேரம். விடியக்குள்ள வந்து எல்லாத்தையும் தோண்டிப் போட்டுட்டுப் போயிருக்கு. இப்பத்தான் போய் உக்காந்து பாத்தேன், ஒரு செடி மிச்சமில்ல. நானும் பாட்டரி லைட்ட அடிச்சு வெரட்டணும்னுதான் நெனச்சேன், தூங்கிப் போயிட்டேன் பாருங்க..."

வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர் பன்னியைத் திட்டி முடிக்கும்வரை போனை வைக்கவில்லை. வலியைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை.